மொட்டைமாடிக்குப் படி இல்லாத வீடு

"குடி போகிற வீட்டில் முதலில் பார்க்க வேண்டியது..." என்று ஆரம்பிப்பார் என் பெரியப்பா. எதைப் பார்க்கச் சொன்னார் என்பதுதான் நினைவில்லை. கிணற்றையா, கொல்லையையா, பக்கத்து வீட்டுக்காரன் முகத்தையா, தெரியவில்லை. முன்பாதி அப்படியே நாக்கில் இருக்கிறது. பின்பாதி போய்விட்டது.

ஆமாம் சார், இந்தப் பக்கம் புதுசுதான். என் பெயர் மாசிலாமணி. புள்ளம்பாடியில் வீடு பார்த்திருக்கிறேன். வேலை துவாக்குடியில்.

பார்த்தீர்களா, நீங்களும் அப்படித்தான் முழிக்கிறீர்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் வேலை, இந்தப் பக்கம் வீடு, தினமும் காவிரி, கொள்ளிடம் இரண்டையும் தாண்டிப் போய் வரவேண்டும், இவனுக்கென்ன பைத்தியமா என்று. மஸ்கட்டில் பத்தொன்பது வருஷம் இருந்தவன் நான். அங்கே ஐம்பது கிலோமீட்டர் என்பது டீ குடிக்கப் போகிற தூரம். நீங்கள் லால்குடியில்தானே இறங்குவீர்கள்? பஸ் அங்கே போய்ச் சேர நேரம் இருக்கிறது. சொல்கிறேன்.

ஊருக்கே திரும்பிவிடலாம் என்று முடிவெடுத்தபோது மூன்று இடத்தில் வேலை கிடைத்தது. ஓசூரில் ஒன்று, ஒரகடத்தில் ஒன்று, துவாக்குடியில் ஒன்று. மூன்றிலும் சம்பளம் குறைவு துவாக்குடியில்தான். என் மனைவி ரேணுகா கேட்டாள், ஏன் திருச்சி என்று. "திருச்சிதான் நடுவுல இருக்கு" என்றேன். "எதுக்கும் எதுக்கும் நடுவுல?" என்றாள். அவளும் பையனும் இன்னும் மஸ்கட்டில்தான் இருக்கிறார்கள். பையன் பத்தாவது போகிறான். ஜூனில் பள்ளி திறப்பதற்குள் நான் ஒரு வீட்டைப் பிடித்தாக வேண்டும். பிடித்தால் வருவார்கள். இல்லாவிட்டால் ரேணுகா நேராக அவள் அம்மா வீட்டுக்கு, திண்டுக்கல்லுக்குப் போய்விடுவாள். போனால் திரும்பி வருவாளா என்று எனக்குத் தெரியாது. அவள் அப்படிச் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதிலிருந்து தெரிந்துகொண்டேன்.

வேடிக்கை என்னவென்றால் சார், வீடு ஒதுக்குவதுதான் என் தொழிலே. பெரிய கட்டுமானக் கம்பெனி, ஊருக்கு வெளியே தொழிலாளர் கேம்ப், அறுநூற்று நாற்பது பேர். யார் எந்த அறை, எந்தக் கட்டில், மேல் அடுக்கா கீழ் அடுக்கா எல்லாம் நான் சொல்வதுதான். கேம்ப் பாஸ் என்பார்கள். விமான நிலையத்திலிருந்து வண்டியில் வந்து இறங்கும்போதே ஆளைப் பார்த்துச் சொல்லிவிடுவேன். இவன் குறட்டை விடுவான், கடைசி அறை. இவன் வீட்டை நினைத்து அழுவான், கூட ரெண்டு ஊர்க்காரனைப் போடு. தப்பியதே இல்லை. என்னை மாதிரி கணக்காகக் கட்டில் போட ஆள் கிடையாது என்று மேனேஜரே சொல்வார். தமிழில் படித்தேன், பிறகு ஆங்கிலத்தில் படித்தேன், மலையாளமும் இந்தியும் அங்கே போய்ப் பிடித்துக்கொண்டேன். யார் எந்த மொழியில் குறை சொன்னாலும் அந்த மொழியிலேயே பதில் சொல்லி அனுப்பிவிடுவேன்.

அப்படிப்பட்டவனுக்குத் திருச்சியில் ஒரு வீடு அமையவில்லை. ஒரு மாதம் அலைந்தேன்.

ஜெயசீலன் என்று ஒரு புரோக்கர். நல்ல பிள்ளை, வாய்தான் கொஞ்சம் அதிகம். முதலில் திருவெறும்பூரில் காட்டினான். கம்பெனிக்குப் பத்து நிமிஷம், கீழேயே கடை, பள்ளிக்கூட பஸ் வாசலில் வரும். எல்லாம் சரி. மொட்டைமாடியைப் பார்க்கலாம் என்று ஏறினேன். டேங்க்குக்குக் கீழே நிழலில் ஒரு பாய் சுருட்டி வைத்திருந்தது. யார் பாய் என்று கேட்டேன். வாட்ச்மேன் மத்தியானத்தில் படுப்பார் என்றார்கள். வேண்டாம் என்று இறங்கிவிட்டேன். அடுத்தது தில்லைநகரில். மாடிக் கதவு பூட்டியிருந்தது. சாவி யாரிடம் என்று கேட்டால், யாரிடமோ இருக்கும் என்றார்கள். யாரிடமோ என்றால் என்ன அர்த்தம்? வேண்டாம். கே.கே. நகரில் தனி வீடு. மாடிக்கு வெளியே இரும்பு ஏணி. யார் வேண்டுமானாலும் ஏறலாம், வீட்டுக்குள் இருப்பவனுக்குத் தெரியவே தெரியாது. அதுவும் வேண்டாம்.

ஜெயசீலன் வண்டியை ஓரம் கட்டி நிறுத்திவிட்டுக் கேட்டான்: "சார், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க வீடு பாக்க வந்திருக்கீங்களா, டேங்க்கு பாக்க வந்திருக்கீங்களா? டேங்க்குன்னா சொல்லுங்க, மச்சான் ஒருத்தன் சின்டெக்ஸ் கடை வச்சிருக்கான்."

சிரித்துவிட்டேன். ஆனால் அது ஒரு பழக்கம், அவ்வளவுதான். போன வருஷம் ஜூனில் கேம்ப்பில் ஒரு சம்பவம். அதிலிருந்து தினமும் விடியற்காலையில் நாலு பிளாக்கின் மாடியிலும் ஏறிப் பார்த்துவிட்டு வருவேன். கடமைதானே. ரேணுகாதான், "கேம்ப்ல பாக்கறது சரிங்க, நம்ம ஃபிளாட் மாடியில எதுக்கு ஏறுறீங்க?" என்று கேட்டாள். ஒரே பழக்கம்தான் என்றேன்.

சம்பவம் என்றால், பெரிதாக ஒன்றும் இல்லை. சொல்லித்தான் தீரவேண்டும் என்றால் சொல்கிறேன். காத்தவராயன் என்று திருத்துறைப்பூண்டிக்காரர், வயசானவர், தூக்கத்திலேயே மாரடைப்பில் போய்விட்டார். உடம்பு ஊருக்குப் போனது. மெத்தை மாற்றி, மருந்தடித்து, எல்லாம் முறைப்படி செய்து, நாலாம் நாள் அந்தக் கட்டிலை அங்கமுத்து என்ற ஒருவனுக்குப் போட்டேன். கம்பி கட்டுகிற வேலை அவனுக்கு. நாற்பது வயசு இருக்கும், சாதுவான ஆள். அன்றைக்குச் சாயங்காலமே ஆபீஸ் வாசலில் வந்து நின்றான்.

"ஐயா, காத்தவராயண்ணன் போனது அவிட்டம்யா. காலண்டர்ல பாத்தேன். அடைப்பு ஆறு மாசம் இருக்கு. வேற கட்டில் எதுனாச்சும் குடுங்கய்யா."

உங்களுக்குத் தெரியாததில்லை. அவிட்டம், சதயம் அந்த மாதிரி நட்சத்திரத்தில் உயிர் போனால் அந்த அறையை ஆறு மாதம் பூட்டி வைப்பார்கள். ஊரில் சரி. அங்கே அறுநூற்று நாற்பது ஆளுக்கு அறுநூற்று நாற்பது கட்டில். ஒருவனுக்கு மாற்றினால் நாளைக்கு நாற்பது பேர் பஞ்சாங்கத்தோடு வந்து நிற்பார்கள். அதனால் சிரித்துக்கொண்டே சொன்னேன்: "அடைப்பு வீட்டுக்குத்தான்யா, கட்டிலுக்கு ஏது? எமனுக்கு இங்க விசா கிடையாது. போய்ப் படு."

வாசலில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். சிரித்தான் சார், நான் பார்த்தேன்.

இரண்டு நாள் கழித்து மாடிக்குப் போய்ப் படுக்க ஆரம்பித்திருக்கிறான். ஜூன் மாதம் மஸ்கட். ராத்திரியிலும் தளம் தோசைக்கல் மாதிரி கொதிக்கும். மூன்று வாரத்துக்கு மேல் ஆகி, ஒரு நாள் காலையில் ஏ.சி. பார்க்கப் போனவன்தான் கண்டுபிடித்தான். வெப்பத்தாக்குதல் என்று டாக்டர் எழுதினார். அனுமதி இல்லாத இடத்தில் தன் விருப்பத்தின்பேரில் உறங்கியதால் என்று நான் எழுதினேன். விசாரணை நடந்தது. என் மேல் ஒரு குறையும் இல்லை என்று எழுத்திலேயே கொடுத்தார்கள். அதை ஃபைல் போட்டு வைத்திருக்கிறேன்.

இதற்கும் நான் வீடு தேடுவதற்கும் சம்பந்தம் இல்லை. பேச்சோடு பேச்சாக வந்துவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை ஜெயசீலனுக்குச் சொந்தத்தில் கல்யாணம். சும்மா இருப்பானேன் என்று சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். முதலில் நின்ற பஸ் புள்ளம்பாடி போட்டிருந்தது. ஏறினேன். சரி, முதல் பஸ் இல்லை, நாலாவது பஸ். அந்த ஊர்ப் பெயர் தெரிந்த பெயராக இருந்தது. எத்தனையோ பேருடைய பாஸ்போர்ட் கையில் வந்து போயிருக்கிறது. ஒன்றிரண்டு முகவரி மனசில் நின்றுவிடும். தெருப்பெயர், கதவு எண், எல்லாம். அது என் ஞாபகசக்தி, வேறொன்றும் இல்லை.

அந்த முகவரிக்குப் போய்ப் பார்த்தால் வாசலிலேயே அட்டை தொங்குகிறது, வீடு வாடகைக்கு என்று. நான் என்ன செய்ய முடியும்? வீடு தேடுகிறவன், வாடகைக்கு என்று எழுதிய வீட்டைப் பார்க்காமல் போவானா?

கதவைத் திறந்தது அந்த வீட்டு அம்மா. தவமணி என்று பெயர். கையெல்லாம் மாவு. "மாடிங்க. பாருங்க. குடும்பமா, தனியாவா?" என்று கேட்டார். குடும்பம்தான், வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்திருக்கிறேன் என்றேன். "எந்த நாடுங்க?" என்றார். துபாய் என்று வாயில் வந்தது. துபாய் என்றேன். கேட்டதற்குப் பதில் சொன்னேன், அவ்வளவுதான்.

நல்ல வீடு சார். ஹால், சமையலறை, இரண்டு அறை, கிழக்கே பெரிய ஜன்னல். எல்லாம் கம்பி கட்டி அவன் அனுப்பிய காசில் கட்டியது. பூச்சு இன்னும் பாதியில் நிற்கிறது. நான் வழக்கம்போல மொட்டைமாடிக்கு எப்படிப் போவது என்று கேட்டேன்.

"அதுக்குப் படி கட்டலைங்க. அடுத்த லீவுல வந்து கட்டிக்கலாம்னு விட்டுட்டாரு. சும்மாதானே கெடக்கு, யாரு போகப்போறா?"

படியே இல்லை. ஒரு மாதம் அலைந்தேன், திருச்சியில் ஒரு வீடு அப்படி இல்லை. இந்த வீட்டில் யாரும் மேலே போய்ப் படுக்கவே முடியாது. அந்த நிமிஷமே மனசுக்குள் முடிவு செய்துவிட்டேன். வேறு எந்தக் காரணமும் கிடையாது. நீங்களே சொல்லுங்கள், இது ஒரு வசதி இல்லையா?

உள்ளறை பூட்டியிருந்தது. அந்த அம்மா சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, திறக்காமல், என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"உள்ளதைச் சொல்லிடறேங்க. அப்புறம் மறைச்சிட்டேன்னு ஆகக்கூடாது. எங்க வீட்டுக்காரரு போன வருஷம் மஸ்கட்டுல தவறிட்டாரு. சதயம். அவரு போன எடத்தை நாங்க எப்படிப் பூட்டுறது? அதனால அவரு லீவுல வந்தா படுக்கற ரூமைப் பூட்டச் சொன்னாங்க, பூட்டிட்டோம். ஆறு மாசம் முடிஞ்சு அதுக்கு மேலயும் ஆச்சு. ஆனாலும் வர்றவங்க காதுல தெருவுல யாராச்சும் போட்டுடறாங்க. இதுவரைக்கும் ஆறு குடும்பம் பாத்துட்டுப் போயிருச்சு. பொண்ணு நர்சிங் படிக்குது. வாடகை வந்தாத்தான் அடுத்த வருஷத்துக்குக் கட்ட முடியும்."

"எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை இல்லை" என்றேன்.

"அவரும் மொதல்ல சிரிச்சிக்கிட்டேதாங்க போன்ல சொன்னாரு. அங்க ஒருத்தரு செத்த கட்டிலைக் குடுத்துட்டாங்களாம். மாத்திக் கேட்டதுக்கு, 'எமனுக்கு இங்க விசா கிடையாதுன்னு கேம்ப் பாஸ் சொல்லிட்டாரு தவமணி'ன்னு சொல்லி ஒரே சிரிப்பு. நானும் சிரிச்சேன். எம் பொண்ணும் சிரிச்சா."

சார், அந்த அம்மா அதைச் சொல்லும்போதுகூட லேசாகச் சிரித்தார். நான் சிமெண்ட் பூச்சு எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

கீழே வந்து உட்கார்ந்தோம். காபி கொடுத்தார். ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து வந்தார். "நீங்க இங்கிலீசு தெரிஞ்சவங்க. இதைக் கொஞ்சம் முழுசாப் படிச்சுச் சொல்றீங்களா? எம் பொண்ணு படிக்க ஆரம்பிச்சா பாதியிலயே அழுது நிறுத்திடறா. ஊருல வேற யாருகிட்டயும் குடுக்க எனக்கு இஷ்டமில்ல."

கடிதத் தாளைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஐந்து வரி. நான் எழுதினால் கச்சிதமாக எழுதுவேன். அந்த ஐந்து வரிக்கு மேனேஜர் பாராட்டினார்.

படித்துத் தமிழில் சொல்ல ஆரம்பித்தேன். ஆழ்ந்த வருத்தம் என்று சொன்னேன். நல்ல உழைப்பாளி என்று சொன்னேன். அது கடிதத்தில் இல்லை, நானாகச் சேர்த்தது. கூட இருந்தவர்களுக்கெல்லாம் பிரியமானவர் என்றேன். அதுவும் இல்லை. அந்த அம்மா விரலை வைத்துக் கேட்டார்: "ஐயா, இவ்வளவு கொஞ்சமா எழுதியிருக்கு, நீங்க நெறையச் சொல்றீங்களே?" இங்கிலீஷில் சுருக்கமாகத்தான் இருக்கும், தமிழில் விரியும் என்றேன்.

"இந்த எடத்துலதான் அவ நிறுத்துவா. இதுல என்ன இருக்கு?"

மூன்றாவது வரி. "அனுமதி இல்லாம மாடியில படுத்தார்னு இருக்கு" என்றேன். அதை மட்டும் மாற்ற முடியவில்லை. ஏன் என்று தெரியவில்லை, எல்லாவற்றையும் மாற்றினேன், அதை மட்டும் முடியவில்லை.

"அனுமதி கேட்டிருப்பாரே" என்றார் அந்த அம்மா. "அவரு கேக்காம ஒரு டம்ளர் தண்ணி எடுத்துக் குடிக்க மாட்டாருங்க. எங்க வீட்டுலயே கேட்டுத்தான் குடிப்பாரு."

இதை உங்களிடம் சொல்லலாம். நீங்கள் லால்குடியில் இறங்கிப் போய்விடுவீர்கள். அவர் கேட்டார். மாடிக்குப் போன முதல் நாள் சாயங்காலம் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மாடிப்படிக்குக் கீழே நின்றார். நான் போனில் இருந்தேன், பேச்சு ரேணுகாவோடு, வீட்டுக்கு என்ன வாங்கிவர வேண்டும் என்று. "ஐயா, காத்தாட மேல படுத்துக்கட்டுமாய்யா?" என்றார். நான் போனைக் காதிலிருந்து எடுக்காமல் தலையாட்டினேன். அவ்வளவுதான். அதை வாய்மொழி அனுமதி என்று எந்த விசாரணையிலும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். எங்கேயும் பதிவில்லை. பார்த்தவர்கள் கிடையாது. ரேணுகாவுக்குக் கேட்டிருக்கலாம். அவள் இதுவரை ஒன்றும் கேட்கவில்லை.

கடிதத்தின் அடியில் கையெழுத்தைக் காட்டி அந்த அம்மா சொன்னார், "மாசிலாமணின்னு போட்டிருக்காம், பொண்ணு சொன்னா. நம்ம பக்கத்து ஆளு பேரா இருக்கு. இவரை ஒரு தடவை பாக்கணுங்க."

"பாத்து?"

"சண்டையெல்லாம் போடமாட்டேங்க. கட்டிலை மாத்திக் குடுக்கலைன்னு கேக்கவும் மாட்டேன். நூறு பேருக்கு நடுவுல அவருக்கு என்ன சங்கடமோ. கடைசியா இவரைப் பாத்தது யாரு, என்ன பேசினாரு, சாப்பிட்டுட்டுத்தான் படுத்தாரான்னு கேப்பேன். அந்தக் கேம்ப்புல நம்ம பாஷை பேசற பெரிய ஆளு அவரு ஒருத்தருதானாம். அவருக்குத் தெரிஞ்சிருக்கும்."

காபி ஆறிவிட்டிருந்தது. குடித்தேன். சாப்பிட்டிருப்பார் என்று சொல்ல நினைத்தேன். ஏழு மணிக்கு மெஸ் முடியும், முதல் நாள் அவர் பாயோடு நின்றது ஏழேகாலுக்கு. தட்டைக் கழுவி அதையும் கையில் வைத்திருந்தார். ஈரம் சொட்டியது. அன்றைக்குச் சாப்பிட்டார், எனக்குத் தெரியும். ஒரு வார்த்தைதான். சொல்லியிருந்தால் எப்படித் தெரியும் என்று கேட்பார்.

வெளியே வந்து ரேணுகாவுக்குப் போன் போட்டேன். வீடு அமைந்துவிட்டது, புள்ளம்பாடி என்றேன்.

"அந்த ஆளோட ஊருதானே அது?"

"எந்த ஆளு?"

"எந்த ஆளா? தூக்கத்துல ராத்திரி ராத்திரி யாரு பேரைச் சொல்லிக் கீழ எறங்கி வரச் சொல்றீங்களோ, அந்த ஆளு."

சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். மறுபடி அவளே கூப்பிட்டாள். பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம் என்று மட்டும் கேட்டாள். லால்குடியில் நல்ல பள்ளி இருக்கிறதாம் என்றேன். சரி என்றாள். வருகிறேன் என்றாள். அந்த அம்மாவிடம் சொல்லிவிட்டீர்களா என்று கேட்டாள். எதை என்று கேட்டேன். போனை வைத்துவிட்டாள்.

நான் நினைத்துப் பார்த்தேன் சார், நிதானமாகத்தான் நினைத்துப் பார்த்தேன். சொன்னால் அந்த அம்மாவுக்கு ஏழாவது ஆளும் போய்விடுவான். அந்தப் பெண்ணின் படிப்பு நிற்கும். சொல்லாவிட்டால் மாதம் பிறந்தால் வாடகை வரும், பூச்சு வேலையை நானே முடித்துக் கொடுப்பேன், ஆத்திர அவசரத்துக்கு ஒரு ஆம்பிளை மாடியில் இருப்பான். யாருக்கு எந்த இடம் சரிப்படும் என்று பார்ப்பதுதானே என் வேலை. இதில் யாருக்கு என்ன நஷ்டம்? நீங்கள் சொல்லுங்கள். சொல்ல மாட்டீர்கள். பரவாயில்லை.

திரும்ப உள்ளே போனேன். அந்த அம்மா அட்டையைக் கழற்றி வைத்திருந்தார். பத்திரமெல்லாம் வேண்டாம், நம்பிக்கைதான், நோட்டில் எழுதிக்கொள்கிறேன் என்று பெண்ணுடைய பழைய நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். பேனா எழுதவில்லை. உதறிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "உங்க பேரு என்னங்கய்யா?" என்றார்.

அந்த வீட்டைத்தான் எடுத்திருக்கிறேன். வருகிற புதன்கிழமை பால் காய்ச்சுகிறோம். சுகுமாரன் என்று பேர் கொடுத்திருக்கிறேன்.